களிமண்ணும் புல்லும்: பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஓடுதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், அதன் தென்மேற்குப் பாகத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் மெல்லிய அலைகளாகப் பரந்து கிடக்கும் பிரெய்ரிப் புல்வெளி, முன்னறிவிப்பு ஏதுமின்றி ஓரிடத்தில் முடிந்து, கூரிய சிகரங்களும் மடிப்பு மடிப்பான பள்ளங்களும் செங்குத்தான சரிவுகளுமாக உடைந்து விழுந்து, கீழே வொயிட் ஆற்றின் பள்ளத்தாக்கில் மறுபடியும் புல்வெளியாகத் தொடங்குகிறது. மேல்வெளிக்கும் கீழ்வெளிக்கும் இடையே பல பத்து மைல் நீளத்துக்கு நிற்கும் இந்த மண்சரிவை அப்பிரதேசத்தார் ‘சுவர்’ என்றே சொல்லுகிறார்கள். இச்சுவரையும் இதன் இருபுறத்துப் புல்வெளிகளையும் சேர்த்து, ஏறக்குறைய 2,44,000 ஏக்கர் விஸ்தீரணமுள்ள நிலப்பரப்பே பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. 1939-ல் தேசிய நினைவிடமாக நிறுவப்பட்ட இவ்விடம் 1978-ல் தேசியப் பூங்கா என்னும் அந்தஸ்தை அடைந்தது.

மலைநாட்டுப் பாதைகளில் ஓடிப் பழகிய ஒருவர் இங்கே முதன்முறையாக வரும்போது, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 அடி உயரமே இருப்பதையும், பிரதான பாதைகளில் கடுமையான ஏற்றம் அதிகம் இல்லாதிருப்பதையும், திசை தெரியாமல் மறைக்கக்கூடிய அடர்ந்த வனம் எதுவும் காணப்படாததையும் கண்டு, இது சுலபமான ஸ்தலம் என்று நிர்ணயித்துவிடுவது இயல்பே. அந்த நிர்ணயத்தை ஆரம்பத்திலேயே அகற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிற இடங்களில் ஓடுபவருடைய தேகபலமும் பயிற்சியும் முதலாவதாகவும் தரை அதற்கு அடுத்ததாகவும் நிற்க, இங்கே தரையே முதலாவதாக நிற்கிறது. எந்த நாளில் ஓடலாம், எந்த வேளையில் ஓடலாம், எவ்வளவு தூரம் போகலாம், எந்த வழியாகத் திரும்பலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தத் தரையின் ஈரத்திலும் உஷ்ணத்திலுமே கிடைக்கிறது. ஆகையால் பாதைகளைப் பற்றிச் சொல்லுமுன் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியது அவசியமாகிறது. ஓட வந்தவனுக்குப் பூமியின் பூர்வ சரித்திரம் எதற்கு என்று எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுமையுடன் தொடர்ந்து வாசிப்பார்களாக. அந்தச் சரித்திரம் முழுவதும் அவர்களுடைய காலணியின் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளப் போகிறது.

பூங்காவில் வெளித்தெரியும் அடுக்குகளுள் யாவற்றுக்கும் கீழே இருப்பது, ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசத்தை மூடியிருந்த ஆழமற்ற உள்நாட்டுக் கடலின் அடியில் படிந்த கருஞ்சேறு. புவியியலார் இதனைப் பியர் களிப்பாறை என்பர். கடல் பின்வாங்கிய பிறகு, இச்சேற்றின் மேற்பரப்பு வெயிலும் மழையும் வேர்களும் பட்டு மாறுதலடைந்து, இன்று மஞ்சள் மேடுகள் என வழங்கும் வர்ணக் குன்றுகளாயிற்று. அதன் மேல், 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பல லட்சம் வருஷங்கள் வெள்ளச் சமவெளியாக இருந்த காலத்தில் படிந்தது சாம்பல் நிறமுள்ள சேட்ரன் அடுக்கு. அதற்கும் மேல், நாடு வறண்டு திறந்த வெளியாக மாறிவந்த காலத்தில், 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை படிந்தது, செந்நிறக் கோடுகள் மாறி மாறி ஓடும் புரூல் அடுக்கு. இப்போது நாம் அண்ணாந்து பார்க்கும் சிகரங்களிற் பெரும்பாலானவை இந்தப் புரூல் அடுக்கில் செதுக்கப்பட்டவையே. உச்சியில் ஷார்ப்ஸ் அடுக்கும், அதன் அடியில் மேற்றிசை எரிமலைகளிலிருந்து காற்றில் வந்து விழுந்த ராக்கிஃபோர்டு சாம்பலும் இருக்கின்றன. இவ்வாறு கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த மண்ணை, சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகளாக ஆறுகளும் மழையும் அரித்துவருகின்றன. வருஷத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வீதம் இச்சுவர் தேய்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிரானைட் மலைகள் தேயும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது வியக்கத்தக்க வேகம். பாறை என்று நம்பிக் கையால் பற்றவோ காலை ஊன்றவோ தக்கது இங்கே மிகச் சொற்பம். பாறைபோல் தோன்றுவது பெரும்பாலும் உலர்ந்த களிமண்ணே.

இந்தக் களிமண்ணின் விசேஷம் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது. சாம்பல் காலப்போக்கில் சிதைந்து பென்டோனைட் என்னும் களிமண்ணாக மாறுகிறது. அது நீரைத் தனக்குள் இழுத்து உப்புவதிலும், உலரும்போது சுருங்கி வெடிப்பதிலும் மற்ற மண்வகைகள் எல்லாவற்றையும் மிஞ்சியது. உலர்ந்த நாளில் சேட்ரன் குன்றுகளின் மேற்பரப்பைக் குனிந்து பார்த்தால், சோளப்பொரியைக் கொட்டிப் பரப்பினாற்போல் உதிரி உதிரியாக ஒரு விரற்கடைப் பருமனுக்கு நொறுங்கிக் கிடக்கும். அதன் கீழே இருப்பது கட்டியான கெட்டித் தரை. உதிரியின் மேல் வைத்த கால் கெட்டியின் மேல் வழுக்குகிறது. ஆகையால் சரிவுகளில் இறங்கும்போது நீண்ட தாவல்களை விட்டு, அடிகளைக் குறுக்கி, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி வைத்துப் போவதே உசிதம். குதிகாலை முன்னே நீட்டி ஊன்றும் வழக்கமுடையவர்கள் இங்கே பின்னால் சாய்ந்து விழுவார்கள்.

மழை பெய்துவிட்டாலோ, விஷயம் அடியோடு மாறிவிடுகிறது. அரைமணி நேர மழைக்குப் பின் அதே தரை, முதலில் எண்ணெய் பூசிய தன்மையை அடைந்து காலை நிற்கவொட்டாமல் செய்கிறது. பிறகு, நீர் இன்னும் சற்று உள்ளே இறங்கியதும், பிசினாகி, ஒவ்வோர் அடிக்கும் காலணியின் அடியில் ஒரு பூச்சு வீதம் சேர்ந்து, இருபது முப்பது அடிகளுக்குள் கால் தூக்க முடியாத பாரமாகிவிடுகிறது. அமெரிக்க மேற்குப் பிரதேசத்தார் இதைக் ‘கம்போ’ என்பார்கள். பயிற்சியினாலோ பலத்தினாலோ இதை வெல்லலாம் என்று எண்ணுவதில் பயனில்லை. நல்ல பற்களுள்ள அடிப்பாகம் கொண்ட காலணி வாங்கினால் தீர்ந்துவிடும் என்பதும் மெய்யல்ல. பற்களின் இடைவெளி முதல் நிமிஷத்திலேயே நிரம்பிவிடும். உபாயம் ஒன்றே: காத்திருப்பது. வேனிற்காலத்து வெயிலும் காற்றும் சேர்ந்தால் ஒரே பகலில் பாதை உலர்ந்துவிடக்கூடும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், சுவரின் வடபுறத்து நிழலிலும், அதற்கு மேலும் நாள் பிடிக்கும். பாதையின் தொடக்கத்தில், வெளுத்த தரையை விட்டுக் கருத்த தரையில் குதிகாலை அழுத்தி எடுத்துப் பாருங்கள். மண் தோலுரிந்து காலணியோடு வந்தால் அன்றைக்கு அந்தப் பாதையை விட்டுவிட வேண்டியதுதான். இதில் ஓடுபவரின் சௌகரியத்தோடு பாதையின் நன்மையும் அடங்கியிருக்கிறது. ஈரத்தில் பதிந்த தடங்கள் உலர்ந்து கல்லாகி, அடுத்த மழையில் நீரோடும் கால்வாய்களாகி, பாதையையே அறுத்துவிடுகின்றன. அத்தகைய நாட்களில், தார் போட்ட 240-ஆம் எண் நெடுஞ்சாலையில் விடியற்காலையில், வாகனங்கள் பெருகுமுன், எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி இடப்புற ஓரமாக ஓடிவருவதைப் பரிகாரமாகக் கொள்ளலாம்.

இனிப் பாதைகளைப் பார்ப்போம். ஓடுவதற்கென்று பூங்காவில் ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயக்கமின்றிக் காஸில் பாதையையே சொல்லுவேன். டோர், விண்டோ என்னும் சிறு பாதைகளுக்கான வாகன நிறுத்தத்துக்கு எதிரே, சாலையின் மறுபுறத்தில் தொடங்கி, மேற்கே ஐந்து மைல், அதாவது சுமார் எட்டு கிலோமீட்டர், சென்று, புதைபடிவக் காட்சிப் பாதையின் அருகே மறுபடியும் சாலையைச் சேருகிறது. போய்த் திரும்பினால் பத்து மைல். பூங்காவின் பாதைகளில் இதுவே நீளமானது. இதன் சிறப்பு, சிகரங்களுக்கு அடியிலும் புல்வெளிக்கு மேலுமாக, இரண்டையும் விட்டு விலகாமல் நடுவே செல்வதாகும்: இடையிடையே வெறும் களித்தரையில் ஓடும் பாதை, சில நிமிஷங்களில் இடுப்பளவு புல்லுக்குள் நுழைந்து, மீண்டும் குன்றுகளின் வாயிலுக்கு வந்துவிடுகிறது. புல்லுக்குள் தடம் தெளிவாகத் தெரிகிறது. களித்தரையிலோ, முந்தின மழை தடங்களை எல்லாம் துடைத்துவிட்டிருப்பதால், நட்டுவைத்த கம்பங்களே வழிகாட்டி. ஒரு கம்பத்தில் நின்று அடுத்த கம்பத்தைக் கண்டுகொண்ட பிறகே புறப்பட வேண்டும் என்னும் விதியை ஓடும் உற்சாகத்தில் மறந்தவர்கள், பள்ளங்களில் நீர் வழிந்த தடத்தைப் பாதை என்று மயங்கிச் சுவரின் விளிம்புக்குப் போய் நிற்பதுண்டு. விளிம்பில் நிற்பது எவ்வளவு அபாயம் என்பதை அந்த மண்ணின் தேய்மானக் கணக்கை நினைத்துப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

காஸில் பாதைக்குத் துணையாக, அதன் வடபுறத்துப் புல்வெளியில் வளைந்து செல்வது மெடிசின் ரூட் பாதை. பழைய வடகிழக்குச் சாலை என்னும் தடத்தின் அருகே காஸில் பாதையை விட்டுப் பிரிந்து, சாடில் பாஸ் சந்தியில் மறுபடியும் அதனுடன் சேருகிறது. போகும்போது காஸில், வரும்போது மெடிசின் ரூட் என்று அமைத்துக்கொண்டால், வந்த வழியே திரும்பும் சலிப்பு ஓரளவு நீங்குவதோடு, போகும்போது பக்கத்தில் நின்று பார்த்த சிகரங்களைத் திரும்பும்போது தூரத்தில் ஒரே வரிசையாகக் காணும் பாக்கியமும் கிடைக்கிறது. ஆனால் மெடிசின் ரூட்டில் சப்பாத்திக்கள்ளி அதிகம். புல்லின் அடியில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் அதன் முட்கள் மெல்லிய காலணித் துணியை ஊடுருவும். பார்வை சிகரங்களில் இருக்க வேண்டுமானால் கால்கள் நிற்க வேண்டும். கால்கள் ஓட வேண்டுமானால் பார்வை பத்தடி முன்னே தரையில் இருக்க வேண்டும்.

சாடில் பாஸ் என்பது கால் மைல்தான். ஆயினும் சாலையிலிருந்து சுவரின் மேல் நேரே ஏறி மேற்கண்ட இரு பாதைகளின் சந்திக்கு வந்து சேரும் அந்தக் கால் மைல், மற்றப் பாதைகளின் பல மைல்களுக்குச் சமமான சிரமத்தைத் தரவல்லது. ஏற்றப் பயிற்சிக்கு நல்ல இடம். நடுவழியில் களைத்தவர்கள் இதன் வழியே இறங்கிச் சாலையை அடையலாம் என்று வரைபடத்தைப் பார்த்தவர்கள் நினைப்பார்கள்; உலர்ந்த நாளில் அது சரியே. மழையிலோ இது முதலில் மூடப்பட்டதாகக் கருத வேண்டிய வழி. புயல் வரும்போது தப்பிக்கும் மார்க்கமாக இதனை ஒருபோதும் எண்ணக்கூடாது. செங்குத்தான பென்டோனைட் சரிவில் மழையோடு இறங்குவதைவிட, சமவழியாக மூன்று மைல் நனைந்து திரும்புவது எவ்வளவோ மேல்.

நாட்ச் பாதையில் மர உருளைகளால் கட்டிய ஏணி ஒன்றில் ஏற வேண்டியிருப்பதாலும், கிளிஃப் ஷெல்ஃப், டோர், விண்டோ, புதைபடிவக் காட்சிப் பாதை ஆகியவை சிறியவையும் குடும்பத்தோடு வருவோர் நிறைந்தவையும் ஆகையாலும், அவற்றில் நடப்பதே மரியாதை.

பாதை என்ற பெயரே இல்லாத இடத்தில் ஓட விரும்புவோருக்கு இப்பூங்கா அபூர்வமான சுதந்திரம் ஒன்றை அளிக்கிறது. இங்கே பாதையை விட்டு விலகி எங்கும் நடக்கலாம் என்பது விதி. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் இது எளிதில் கிடைப்பதன்று. இந்த அநுமதியின் பயனை முழுமையாகப் பெறத்தக்க இடம், பூங்காவின் வடமேற்கிலுள்ள சேஜ் கிரீக் பகுதி. 64,000 ஏக்கருக்கு மேற்பட்ட இந்நிலம் வனாந்தரமாகக் காப்பாற்றப்படுகிறது. இங்கே தடங்களை இட்டவை காட்டெருமைகள். தலைமுறை தலைமுறையாக ஒரே வரிசையில் நீர்நிலைக்கும் மேய்ச்சலுக்கும் சென்றுவந்த அவ்விலங்குகள், மேடுகளைத் தாண்டச் சரியான தாழ்வான இடத்தையும் ஓடைகளைக் கடக்கச் சரியான துறையையும் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. அவற்றின் தடத்தைப் பின்பற்றுவது நல்ல உபாயம். ஆனால் அத்தடங்கள் ஓடுபவர் போக விரும்பும் இடத்துக்குப் போகும் என்னும் உறுதி இல்லை. மேட்டுக்கு மேடு ஒரே சாயலாயிருக்கும் புல்வெளியில் திசை தவறுவது எளிது. வரைபடமும் திசைகாட்டியும், மின்னேற்றம் நிறைந்த இடங்காட்டும் கருவியும் கையில் இருந்தாலும், புறப்படும் இடத்தைத் திரும்பிப் பார்த்து அதன் தோற்றத்தை மனத்தில் பதித்துக்கொள்ளாமல் போகலாகாது. கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் இல்லை. எந்த வழியாகப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவதாக உத்தேசம் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இவ்வளவு துணிவு வராதவர்களுக்கு, அதே பகுதியின் விளிம்பை ஒட்டிச் செல்லும் சேஜ் கிரீக் ரிம் சரளைச்சாலை உத்தமமானது. உலர்ந்த காலை வேளையில் ஒருபுறம் பள்ளங்களும் மறுபுறம் புல்வெளியுமாக, நீண்ட தூரம் சீரான ஓட்டத்துக்கு அதைவிட இசைவான தரை பூங்காவில் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் சமாதானம் எதற்கும் இடமில்லை. பாதைகளிலும் வனாந்தரத்திலும் குடிக்கத்தக்க நீர் கிடையாது. ஓடைகளில் தென்படும் நீர் பாலைப்போல் வெளுத்திருப்பது, பென்டோனைட்டின் நுண்துகள்கள் அதில் அடியில் தங்காமல் மிதந்துகொண்டிருப்பதால். வடிகட்டும் கருவிகளை அத்துகள்கள் சில நிமிஷங்களில் அடைத்துவிடும், கொதிக்க வைத்தாலும் தெளிவதில்லை. ஆகையால் மலைப்பாதைகளில் வழக்கமாகச் செய்வதுபோல், போகும் வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வரக்கூடாது. இரண்டு மணி நேர நடைக்கு ஒருவருக்கு இரண்டு லிட்டர் என்பது பூங்காவின் ஆலோசனை. காஸில் பாதை முழுவதும் போய்த் திரும்ப எண்ணுபவர் கோடையில் மூன்று லிட்டர் சுமப்பது நலம். பாரம் அதிகமென்றால் தூரத்தைக் குறைக்கலாம், நீரைக் குறைக்கலாகாது. பென் ரைஃபல் வரவேற்பு நிலையத்தில் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். சேஜ் கிரீக் முகாமில் நீர் இல்லை. அங்கே இரவு தங்குபவர் சமையலுக்கும் மறுநாள் ஓட்டத்துக்குமான நீர் யாவையும் வண்டியிலேயே கொண்டுபோக வேண்டும்.

இங்கே பதிவான உஷ்ணத்தின் எல்லைகள், கோடையில் 116 டிகிரி ஃபாரன்ஹீட், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 40. நிழல் என்பது ஆங்காங்கே பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் ஜூனிபர் மரங்களின் அளவே. வெளுத்த களிமண் வெயிலைக் கீழிருந்தும் திருப்பியனுப்புவதால், தொப்பி அணிந்தவர்களுக்கும் முகவாய்க்கட்டையின் அடியில் தோல் கன்றிப்போவதுண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விடியுமுன் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். வருஷத்துக்குச் சுமார் 16 அங்குலமே பெய்யும் மழையில் ஜூன் மாதமே அதிகப் பங்கைப் பெறுகிறது. புல் பச்சென்று தழைத்துப் பூக்கள் நிறைந்து நிற்பதும் அப்போதுதான், இடிப்புயல்களும் ஆலங்கட்டி மழையும் பிற்பகல்களில் மேற்கிலிருந்து திரண்டு வருவதும் அப்போதுதான். புல்வெளியில் ஓடும் மனிதனே அங்கு உயரமான பொருளாகிவிடுகிறான். இடியின் ஓசை காதில் விழுந்துவிட்டால், இன்னும் சிறிது தூரம் போகலாம் என்ற ஆசையை விட்டு வண்டியை நோக்கித் திரும்ப வேண்டும். மேற்கே அடிவானம் வெகுதூரம் திறந்திருப்பது ஓடுபவருக்குப் பெரிய உபகாரம். மேகத்தை முன்னதாகவே காணலாம். எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், செப்டம்பர் மாதமும் அக்டோபரின் முற்பாதியுமே உத்தமமான காலம்: தரை உலர்ந்திருக்கும், காலை குளிர்ந்திருக்கும், புல் பொன்னிறமாகியிருக்கும்.

பிராணிகளுள் முதலில் காட்டெருமையைப் பற்றி. ஒருகாலத்தில் இப்புல்வெளிகளை மூடியிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அநேகமாக அழிக்கப்பட்டுவிட்ட இவ்விலங்கை 1963-ல் பூங்காவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று மந்தை ஆயிரத்தைத் தாண்டிப் பெருகியிருக்கிறது. மந்தையை அதன் சொந்த நிலத்தில் காண்பது உள்ளத்தை நிறைக்கும் காட்சி. ஆயினும் ஆண் காட்டெருமை 2,000 பவுண்டு வரை எடையுள்ளது. மணிக்கு 35 மைல் வேகத்தில் பாயவல்லது. எந்த மனிதனும் அதை ஓடி வெல்ல முடியாது. குறைந்தபட்சம் 100 கஜம் விலகியிருப்பது நியதி. ஜூலை, ஆகஸ்டில், இணைசேரும் பருவத்தில், அதனினும் விலகியிருங்கள். வால் மேலே உயர்ந்தால் அது கோபத்தின் அடையாளம். அப்போது ஓடாமல், மெல்லப் பின்வாங்கிச் சுற்றிச் செல்ல வேண்டும். மேட்டின் உச்சியை ஓடியே தாண்டும் பழக்கத்தை இங்கே விட்டுவிட்டு, உச்சிக்குச் சற்றுக் கீழே நடந்து ஏறி, மறுபுறத்தை எட்டிப் பார்த்த பிறகே இறங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் ஒற்றைக் காளை பெரும்பாலும் அந்த மறுபுறத்திலேதான் இருக்கும்.

விஷமுள்ள பாம்பு இங்கே ஒரே வகை, பிரெய்ரிக் கிலுகிலுப்பைப் பாம்பு. இளங்காலையில் வெறுந்தரையில் குளிர்காயும்; உச்சிவேளையில் நிழலுக்கு ஒதுங்கும். அதன் வால் ஒலிப்பதைக் கேட்க வேண்டுமானால் காதில் இசை ஒலித்துக்கொண்டிருக்கக் கூடாது. புல்லுக்குள் கால் எங்கே விழுகிறது என்று தெரியாத இடத்தில் நடங்கள். தீண்டிவிட்டால், கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாதவை. அசையாமல் அமர்ந்து, தொடர்பு கிடைக்குமானால் 911 எண்ணை அழைத்து, துணைக்கு வந்தவரை அனுப்பி உதவி தேட வேண்டும். தனியாக ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

நாய் என்று பெயர் பெற்றாலும் அணில் இனத்தைச் சேர்ந்த பிரெய்ரி நாய்களின் வளைகள் நிறைந்த மைதானங்களை, எவ்வளவு சமமாகத் தோன்றினாலும், சுற்றியே செல்ல வேண்டும். ஒரு வளையில் கால் நுழைந்தால் கணுக்கால் முறிவதற்கு அது போதும். அவற்றின் தெள்ளுப்பூச்சிகள் பிளேக் நோயைச் சுமப்பதுண்டு. 2008-ல் அருகிலுள்ள கொனாட்டா படுகையில் அந்நோய் பரவிப் பிரெய்ரி நாய்களையும், அவற்றையே உண்டு பிழைக்கும் கருங்கால் ஃபெரெட் என்னும் சிறு வேட்டைப் பிராணியையும் வெகுவாகப் பாதித்தது. அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டு, பின்பு வயோமிங்கில் கண்டெடுக்கப்பட்டு, 1994-ல் இங்கே திரும்பக் குடியேற்றப்பட்ட அந்த ஃபெரெட்டுகள் வாழ்வது இந்த வளைகளில்தான் என்பதை நினைத்தால், சுற்றிச் செல்லும் அரை மைல் ஒருவருக்கும் பாரமாகத் தோன்றாது.

உடையையும் காலணியையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். முள் ஊடுருவாத முன்பாகமும் நடுத்தரமான பற்களும் உள்ள காலணி; புல்லின் ஊசிவிதைகள் காலுறைக்குள் துளைத்து ஏறாதபடி தடுக்கும் கணுக்கால் உறை; முட்களைப் பிடுங்க ஒரு சிறு இடுக்கி. வசந்தத்திலும் முன்வேனிலிலும், ஓடி முடித்ததும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூங்காவின் தெற்குப் பகுதி முழுவதும் பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலத்துள், ஓக்லாலா லக்கோட்டா மக்களுடைய பூமியில் அமைந்தது; 1976-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி அவர்களோடு சேர்ந்து நிர்வகிக்கப்படுவது. 1890-ல் ஆவி நடனம் என்னும் வழிபாட்டை ஆடிய லக்கோட்டாக்கள் திரண்டிருந்த ஸ்ட்ராங்ஹோல்ட் மேட்டுநிலம் அங்கேதான் இருக்கிறது. அவ்வாண்டு டிசம்பரில் பிக் ஃபுட் என்னும் தலைவருடைய கூட்டத்தார் சுவரைக் கடந்து தெற்கே சென்று, அம்மாதம் 29-ஆம் தேதி அவர்களுள் பலர் வூண்டட் நீயில் படையினரால் கொல்லப்பட்டனர். அவர்கள் கடந்த கணவாயை வடபகுதிச் சாலையிலிருந்தே காணலாம். 1942-ல் ராணுவம் இவ்வொதுக்கீட்டில் 3,40,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுத்துக் குண்டுவீச்சுப் பயிற்சிக்களமாக்கி, அங்கே குடியிருந்த குடும்பங்களை வெளியேற்றியது. வெடிக்காத குண்டுகள் இன்றும் மண்ணில் கிடக்கின்றன. மழை அரிக்க அரிக்க வெளியே வருகின்றன. உலோகத் துண்டு எதையும் தொடக்கூடாது. பராமரிக்கப்படும் பாதை எதுவும் அங்கே இல்லை. பல இடங்களுக்குத் தனியார் அநுமதியும் வேண்டும். மக்கள் பிரார்த்தனைக்குச் செல்லும் இடங்களில் வேகத்துக்காக ஓடுவதை நான் ஏற்கவில்லை. தெற்கே போக விரும்புவோர் முதலில் அங்குள்ள அதிகாரிகளிடம் விசாரித்து, பார்ப்பதற்காகவும் அறிவதற்காகவும் நடந்து போகட்டும். நீண்ட தூரமே இலட்சியமாயுள்ளவர்களுக்கு வட டகோட்டாவில் தியடோர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவின் மூன்று பகுதிகளையும் இணைத்துச் செல்லும் மா டா ஹே பாதை இருக்கிறது. 144 மைல் நீளமுள்ள அதற்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

இறுதியாக, இந்தப் பூங்காவில் ஓடுபவருக்கு நேரக்கூடிய ஒரு நற்பேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஓர் அங்குலம் மண் போகிறது என்றால், வருஷத்துக்கு ஓர் அங்குலம் புதைபடிவங்கள் வெளியே வருகின்றன என்று பொருள். பிரான்டோதீரியம் என்னும் பெருவிலங்கு, ஓரியோடான்ட் என்னும் மேய்ச்சல் விலங்கு, வாட்பல் பூனையை ஒத்த வேட்டை விலங்குகள் ஆகியவற்றின் எலும்புகள் இம்மண்ணில் உலகப் பிரசித்தி பெற்றவை. 1993-ல் பார்வையாளர் இருவர் கண்ட எலும்புகளிலிருந்து தொடங்கிய அகழ்வு ஒன்று 2008 வரை நீடித்தது. 2010-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வரவேற்பு நிலையத்துக்கு அருகிலேயே ஹோப்லோபோனியஸ் என்னும் வாட்பல் விலங்கின் மண்டையோட்டைக் கண்டு அதிகாரிகளுக்குத் தெரிவித்தாள். அவள் செய்ததே முறை. எலும்பு கண்ணில் பட்டால் தொடாமல், எடுக்காமல், மண்ணைத் தட்டாமல், அளவு தெரியும்படி அருகே ஒரு பொருளை வைத்து அண்மையிலிருந்து ஒரு படமும், சுற்றுப்புறம் தெரியும்படி தொலைவிலிருந்து ஒரு படமும் எடுத்து, இடத்தின் குறிப்பை எழுதிக்கொண்டு, பென் ரைஃபல் நிலையத்தில் அதற்கென உள்ள படிவத்தில் நிரப்பிக் கொடுங்கள். எடுத்துச் செல்வது குற்றம். இடம் மாற்றினாலே அடுக்கைப் பற்றிய சான்று அழிந்துவிடும். கோடையில் அதே நிலையத்தில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்யும் கூடம் திறந்திருக்கும். காலை ஓட்டத்தை முடித்தவர்கள், வெயில் ஏறிய பின் வெளியே திரிவதைவிட, அங்கே நின்று, தாங்கள் மிதித்து வந்த மண்ணிலிருந்து ஒரு தாடையெலும்பு நுண்ணிய கருவிகளால் சிறிது சிறிதாக விடுவிக்கப்படுவதைப் பார்த்திருக்கலாம். அங்கே பணிபுரிவோர் கேள்விகளுக்கு மனமுவந்து விடையளிக்கிறார்கள்.